கறுப்புக் கோடு

முள்ளியாற்று ரெகுலேட்டரில், ஆனி பத்தொன்பதாம் நாள்,
கிரீஸ் வழிந்த இரும்புப் படி வழுக்கி
நின்ற வாக்கிலேயே கீழே போனேன்.
பாதம் முழங்காலைப் பார்த்து மடங்கியது.
சத்தம் கேட்டது.
ஷட்டரின் பல்சக்கரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

திருவாரூரில் இரண்டு திருகாணி வைத்தார்கள்.
டாக்டர் மெஹருன்னிசா எக்ஸ்ரேயை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்:
கணுக்கால் நடுவே உட்கார்ந்திருக்கிறதே, இந்த எலும்பு,
இதன் கழுத்துதான் முறிந்தது.
உங்கள் பாரம் முழுவதும் இதன் முதுகில்தான் இறங்குகிறது.
ஆனால் ஒரு தசையும் இதைப் பிடித்திருக்கவில்லை.
நாண்கள் எல்லாம் ஓரமாக ஓடிப்போகின்றன
பைபாஸ் பஸ் சின்ன ஊரைத் தாண்டுவதுபோல.

இரண்டு பக்கமும் கணு முட்டிகள்.
நடுவில் இது, காடியில் இறங்கிய பலகை.
பலகை முன்னே அகலம், பின்னே ஒடுக்கம்.
படியேறும்போது அகலம் உள்ளே வந்து இறுகும்.
இறங்கும்போது ஒடுக்கம் வந்து ஆடும்.
பத்தொன்பது வருஷம் காடிக்கு எண்ணெய் விட்டவன் நான்,
லஸ்கர் பக்கிரிசாமி.
என் காலுக்குள் ஒன்று இருந்தது தெரியாது.

அதன் அடியில் இன்னொரு மூட்டு, கோணலானது.
வரப்பில் நடக்கிறவன் சாய்வதில்லை.
பாதம்தான் உள்ளும் வெளியும் சாய்ந்துகொடுக்கிறது,
ஆள் நேராகப் போகிறான்,
தலையில் நாற்றுக்கட்டு சிந்தாமல்.

குதிகால் பட்டதும் பாதம்
நனைந்த சாக்குபோல் இளகி
மேட்டையும் பள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும்.
பெருவிரல் மடங்கித் தள்ளும் நேரம்
உள்ளங்கால் நார் வடம்போல் முறுக்கேறி
வளைவை இழுத்து நிமிர்த்த,
அதே பாதம் கடப்பாரை.
திறப்பதும் பூட்டுவதும் ஒரே நொடிக்குள்.
என் சம்பளத்தில் இந்த வேகத்துக்கு ஆள் கிடைக்காது.

"ரத்தம்தான் கவலை" என்றார்.
மேலெல்லாம் குருத்தெலும்பு வழவழப்பு,
சிமெண்ட் பூசிய வாய்க்கால், எதுவும் கசிந்து நுழையாது.
கழுத்தருகே இரண்டு மூன்று வழி.
அங்கே புகுந்து பின்னோக்கிப் போய்த்தான்
உடற்பகுதியை நனைக்க வேண்டும்.
கழுத்து ஒடிந்தால் அதற்கப்பால் வறட்சி.

"கடைமடை" என்றேன்.
"என்ன?" என்றார். ஆம்பூர்க்காரர்.
அவர் ஊர் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் ஓடும்.
நான் விளக்கவில்லை.

எட்டு வாரம் காலைத் தலையணையில் வைத்துக் கிடந்தேன்.
தண்ணீர் எங்கே வந்தது என்று கேட்க
தகட்டூர் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார்கள்.
கட்டைப் பார்த்ததும் கேட்காமல்
வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.
ஒவ்வோர் ஆண்டும் அவர்களிடம் "வந்துடும்" என்பேன்.
எந்தத் தேதி என்று சொன்னதில்லை.
எனக்கும் தெரியாது, மேலே இருப்பவர்களுக்கும்.

ஆவணியில் இரண்டாவது படம்.
"கறுப்புக் கோடு தேடுகிறேன்" என்றார்.
சும்மா கிடக்கும் எலும்பு கொஞ்சம் கரைய வேண்டுமாம்.
கரைவதற்கும் ரத்தம் வேண்டும்.
கரைந்த இடம் படத்தில் கறுக்கும்.
வெள்ளையாகவே நின்றால் செத்தது.

இதையும் யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.
வேதாரண்யம் பக்கம் உப்புப் பூத்த வயல் வெள்ளை.
ஈரம் ஏறிய மண் கறுப்பு.

கூரை வளைவுக்குக் கீழே, முடி கனத்தில், ஒரு கோடு.
உள்பக்கம் தொடங்கி
நடுவில் நின்றுவிட்டது.
அப்பால் வெள்ளை.
"பாதி வந்திருக்கு. மீதியும் வரும்."
"எந்தத் தேதிக்கு?" என்று கேட்டேன்.
கேட்ட பிறகுதான் தெரிந்தது, அது யாருடைய குரல் என்று.
அவர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஊன்றுகோலை மடியில் போட்டிருந்தபோது
வைரக்கண்ணு கூப்பிட்டான்.
என் இடத்தில் இப்போது அவன்.
"அண்ணே, ஆறாவது ஷட்டருக்கு எத்தனை சுத்து?"
"பதினாலு. ஒம்பதுல இறுக்கும்.
வேகமா திருகாதே,
கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் விட்டு."